ராஸ்பெர்ரி பைக்குத் துணை போர்டு: தலைமேல் உட்காரவைப்பதா, தள்ளி வைப்பதா?

ராஸ்பெர்ரி பை மாதிரியான சின்னக் கணினிக்குத் துணை போர்டு வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஐசியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த ஏடிசி (அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சில்லு), எந்த ரிலே டிரைவர் (மின்காந்த சுவிட்சான ரிலேயை இயக்கும் சுற்று), எந்த சென்சார் என்று பட்டியல் போட்டுவிட்டு, போர்டின் வடிவத்தைக் கடைசியில் யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழ். போர்டு எங்கே உட்காரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 40 பின் ஹெடர்மேல் நேரடியாகச் செருகும் ஹேட்டாகவா? நான்கு கம்பிக் கேபிளின் முனையில் சின்ன மாட்யூலாகவா? யுஎஸ்பியில் தொங்கும் தனி மைக்ரோகன்ட்ரோலர் போர்டாகவா? இல்லை, கனெக்டர் துளைகள் இல்லாத சிறு பை வடிவமான கம்ப்யூட் மாட்யூலையே தாங்கும் கேரியர் போர்டாகவா? மின்சாரம் எங்கிருந்து வரும், எந்தப் பின் எதோடு மோதும், அடுத்த மாடல் வந்தால் போர்டு பிழைக்குமா என்பதெல்லாம் இதைப் பொறுத்ததுதான். ஐசியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்றினால் பிசிபியை (அச்சிட்ட மின்சுற்றுப் பலகையை) முதலிலிருந்து வரைய வேண்டும்.

எங்கள் சாய்வை இங்கேயே சொல்லிவிடுகிறோம். நேரத் துல்லியமோ வேகமான தரவோ கட்டாயப்படுத்தினால் ஒழிய, போர்டைக் கணினியிலிருந்து தள்ளியே வையுங்கள். ஹேட் வடிவம் கச்சிதமாக இருக்கும், படம் எடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் கணினியின் மின்சாரம், சூடு, பின் ஒதுக்கீடு, உயரம் எல்லாவற்றிலும் அது பங்குதாரர் ஆகிவிடுகிறது.

ஒப்பிடுவதற்கு ஒரே உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம்: 5 வோல்ட் ரிலே நான்கு, 0 முதல் 10 வோல்ட் வரையிலான அனலாக் உள்ளீடு எட்டு, மின்சாரம் போனாலும் நேரம் ஓடும் ஆர்டிசி ஒன்று, வெப்பநிலை சென்சார் ஒன்று. நிறையப் பேர் கட்ட நினைக்கிற கலவை இது.

ஹேட், ஹேட் பிளஸ்

ஹேட் விதிமுறை 2014 ஜூலையில் பி பிளஸ் மாடலோடு வந்தது. போர்டு 65 × 56.5 மி.மீ.; நான்கு மூலையிலும் எம்2.5 திருகுக்கான துளை, துளைகளுக்கு இடையே 58 மி.மீ., 49 மி.மீ. தூரம், பின் 27, 28 இரண்டும் அடையாளத் தகவலை வைத்திருக்கும் சிறு நினைவகச் சில்லான இஇப்ராமுக்கு மட்டும். கணினி பூட் ஆகும்போது அந்த இஇப்ராமைப் படித்து, எந்த போர்டு உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதில் என்ன வன்பொருள் உண்டு என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ ஓவர்லேயைத் தானே ஏற்றிக்கொள்ளும். 2023 டிசம்பரில் வந்த ஹேட் பிளஸ் விதிமுறை அளவில் தாராளம் காட்டுகிறது. போர்டு எந்த அளவிலும் இருக்கலாம், ஒரு திருகுத் துளையாவது பொருந்தினால் போதும். இஇப்ராமில் எழுத வேண்டியதும் எளிதாகிவிட்டது. பதிலுக்கு ஒரு புதுக் கண்டிப்பு சேர்ந்தது: 5 வோல்ட் இருந்து 3.3 வோல்ட் இல்லாத நிலையை போர்டு பாதிப்பில்லாமல் தாங்க வேண்டும்.

இந்தக் கண்டிப்பைச் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பை 5-ஐ ஷட்டவுன் செய்தால் 3.3 வோல்ட்டை நிறுத்தி 5 வோல்ட்டை மட்டும் விட்டுவைக்கும்படி அமைக்க முடியும். அப்போது உங்கள் போர்டில் 5 வோல்ட்டில் ஓடும் ஐசி ஏதாவது தன் அவுட்புட்டை உயர்த்தி வைத்திருந்தால், அந்த மின்சாரம் ஜிபிஐஓ (நிரலால் இயக்கும் பொதுப்பயன்) பின்னின் பாதுகாப்பு டையோடு வழியாகச் செத்துக் கிடக்கும் 3.3 வோல்ட் தடத்துக்குள் புகும். கணினி பாதி உயிரோடு கிடக்கும், திரும்ப பூட் ஆகாது. நாளாக நாளாக அந்தப் பின்னும் போய்விடும்.

இஇப்ராம் வைப்பதா வேண்டாமா என்பதில் குழப்பமே தேவையில்லை. போர்டைப் பிறருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் வையுங்கள். உங்கள் மேசைக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்றால் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி அதே வேலையைச் செய்யும். ஐசிக்கான இடத்தை மட்டும் பிசிபியில் விட்டுவைத்தால் போதும். ஆனால் இஇப்ராம் இல்லாத போர்டை ஹேட் என்று அழைக்க விதிமுறை இடம் கொடுக்காது. எப்படியானாலும் பின் 27, 28-இல் வேறு எதையும் மாட்டாதீர்கள்.

வைப்பதென்றால் கவனிக்க வேண்டியவை சில. 24சி32 அல்லது அதைவிடப் பெரியது வேண்டும். 24சி16-உம் அதற்குக் கீழே உள்ளவையும் 8 பிட் முகவரி முறையில் ஓடுபவை. அவை அறவே ஒத்துவராது. வாங்கும்போது கையில் அகப்பட்டதை ஒட்டிவிட்டு, 'எழுதினேன், படிக்கவில்லை' என்று தவிப்பவர்களில் பாதிப்பேரின் சிக்கல் இதுதான். அது பேசும் ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பில் அதன் முகவரி ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 50. இரு கம்பிக்கும் 3.9 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை உயர் மின்னழுத்தத்துக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) உங்கள் போர்டிலேயே இருக்க வேண்டும். எழுத்துத் தடுப்புப் பின்னை ஒரு ரெசிஸ்டர் மூலம் 3.3 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டு, எழுதும்போது மட்டும் ஜம்பர் போட்டுத் தரையிறக்குங்கள். எழுதி முடித்து ரீபூட் செய்ததும் டிவைஸ் ட்ரீ கோப்பகத்தில் ஹேட் என்ற உட்கோப்பகம் தோன்றி, அதில் நீங்கள் கொடுத்த பெயர் தெரிந்தால் சரி. அந்தக் கோப்பகமே வரவில்லை என்றால் புல்-அப்பையும் முகவரிப் பின்களையும் பாருங்கள். கோப்பகம் வந்தும் ஓவர்லே ஏறவில்லை என்றால் பெயரில் எழுத்துப்பிழை.

பழைய விதிமுறைப்படி செய்த இரு ஹேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் இரண்டும் ஒரே முகவரியில் பேசும், எதுவும் படிக்கப்படாது. அடுக்குவதற்கென்றே வேறு முகவரி கொண்ட தனி வகையை ஹேட் பிளஸ் அனுமதிக்கிறது.

பின் ஒதுக்கீட்டில் ஒளிந்திருப்பவை

ரிலேக்களை எந்த ஜிபிஐஓவில் போடுவது? எது காலியோ அதில் என்று போடுவதுதான் வழக்கம். ஆனால் பூட் ஆகும் வேளையில் ஜிபிஐஓ 0 முதல் 8 வரை உள்ளவை உள்புல்-அப்போடும், 9 முதல் 27 வரை உள்ளவை உள்புல்-டவுனோடும் இருக்கும். ஜிபிஐஓ 5-இல் ரிலே இருந்தால், உங்கள் நிரல் தொடங்கும்வரை சில பல விநாடிகள் அந்தக் கம்பி மேலே இழுபட்டுக் கிடக்கும். ரிலே 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். பம்ப் மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற போர்டில் இது விளையாட்டல்ல. ரிலேக்களை 9-க்கு மேலேயே வையுங்கள். கூடவே ரிலேயை இயக்கும் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட்டின் கேட்டில் (அதைத் திறக்கும் முனையில்) 10 கிலோ ஓம் புல்-டவுன் போடுங்கள். உள்புல்-அப் சுமார் 50 கிலோ ஓம்தான். இரண்டும் சேர்ந்தால் கேட்டில் 0.55 வோல்ட் நிற்கும், மாஸ்ஃபெட் திறக்காது.

அடுத்த கண்ணி ஜிபிஐஓ 18 முதல் 21. ஆடியோவுக்கான ஐ2எஸ் அங்கேதான் இருக்கிறது, வேகமான சீரியல் இணைப்பான எஸ்பிஐயில் இரண்டாவதும் அங்கேதான். இரண்டும் சேர்ந்து வராது. சாதாரண சீரியல் தொடர்பான யுஆர்ட்டின் பின்களிலும் பை 3, பை 4 மாடல்களில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல யுஆர்ட்டை ப்ளூடூத் எடுத்துக்கொள்ளும்; ஹெடருக்கு வருவது மினி யுஆர்ட், அதன் வேகம் பிராசஸரின் கோர் கடிகாரத்தோடு கட்டுண்டது. கடிகாரம் ஏறி இறங்கினால் பாட் வீதமும் நழுவும். ப்ளூடூத்தை நிறுத்தும் ஓவர்லே போட்டால் நல்லது திரும்பக் கிடைக்கும். போர்டோடு தரும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதிவிடுங்கள்.

ரிலே டிரைவர்: ஒரு வோல்ட் எங்கே போனது?

சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 வோல்ட் ரிலேயின் சுருள் 70 ஓம். ஒன்றுக்கு 71 மில்லிஆம்பியர், நான்குக்கு 285. ஜிபிஐஓவால் நேரடியாக இதைக் கொடுக்கவே முடியாது, டிரைவர் வேண்டும். கை தானாக யுஎல்என்2803-ஐத் தேடும். எட்டு சேனல், டையோடு உள்ளேயே, மலிவு. ஆனால் அது டார்லிங்டன் (இரண்டு டிரான்சிஸ்டரை அடுக்கியது). திறந்த நிலையில் அதன் குறுக்கே சுமார் 0.9 வோல்ட் விழும். 5 வோல்ட் தடம் சுமையில் 4.75-க்கு இறங்கும்போது சுருளுக்குக் கிடைப்பது 3.85 வோல்ட். ரிலே பிடிக்க வேண்டிய குறைந்தபட்சம் 75 சதவீதம், அதாவது 3.75. குளிர்ந்த சுருளில் ஒரு மயிரிழையில் பிடித்துவிடும். சுருள் 30 டிகிரி சூடானால் செம்பின் மின்தடை ஏறத்தாழ 12 சதவீதம் கூடும், பிடிக்கத் தேவையான மின்னழுத்தமும் 4.2-க்குப் போய்விடும். மேசையில் பத்து நிமிடம் சோதிக்கும்போது நன்றாக ஓடிய போர்டு, பெட்டிக்குள் ஒரு மணி நேரம் இருந்ததும் ரிலே பிடிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். நிரலில் தேடினால் அகப்படாது.

மாற்று எளிது. ஏஓ3400 மாதிரி 2.5 வோல்ட் கேட்டிலேயே முழுதாகத் திறக்கும் என்-சேனல் மாஸ்ஃபெட், சேனலுக்கு ஒன்று; சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4148. பிரபலமான 2என்7000 வேண்டாம். அதன் திறப்பு மின்னழுத்தம் 3 வோல்ட் வரை போகலாம், 3.3 வோல்ட் ஜிபிஐஓவுக்கு அது சூதாட்டம்.

ரிலேயின் மறுபக்கத்தில் வீட்டு மின்சாரத்தைக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், அது ஹேட்டில் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் திட்டமான கருத்து. 65 × 56.5 மி.மீ. இடத்தில் 40 பின் ஹெடர், திருகுத் துளை, அடியில் கணினியின் உலோக உறைகள். பாதுகாப்பான இடைவெளியாக 6 முதல் 8 மி.மீ. விடுவதற்கு அங்கே இடமே மிஞ்சாது.

உயரம், சூடு, கண்ணாடிப் பிம்பம்

ஹேட்டின் பெண் ஹெடர் போர்டின் அடிப்பக்கம் உட்காருகிறது. வரைபடத்தில் அதன் ஃபுட்பிரின்ட்டை மேல்பக்கத்துக்கானதாகவே வைத்துவிட்டு, பாகத்தை அடியில் சால்டர் செய்தால் இரு வரிசையும் இடம் மாறிவிடும். பின் 1 இருக்க வேண்டிய இடத்தில் பின் 2. அதாவது 3.3 வோல்ட் இடத்தில் 5 வோல்ட். மாட்டிய கணமே கணினி காலி. ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் வரைபடத்தைத் தாளில் ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சிட்டு, ஹெடரையும் திருகுகளையும் தாளில் குத்தி, கணினிமேல் வைத்துப் பின் 1-ஐ விரலால் தொட்டுப் பாருங்கள். கிகேட் என்ற பிசிபி வரைவு மென்பொருளில் இதற்கென வார்ப்புரு கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தொடங்கினாலும் தாள் சோதனையை விட வேண்டாம்.

வழக்கமான பெண் ஹெடரின் உயரம் 8.5 மி.மீ., ஆண் ஹெடரின் பிளாஸ்டிக் 2.5. ஆக, ஸ்டாண்டாஃப் (போர்டுகளுக்கு இடையே நிற்கும் தூண்) 11 மி.மீ. வேண்டும். 10 மி.மீ. வாங்கித் திருகை இறுக்கினால் போர்டு வில்லாக வளையும், ஓரத்தில் உள்ள செராமிக் கெப்பாசிட்டர்கள் கண்ணுக்குத் தெரியாமல் விரியும். பை 3பி பிளஸ், பை 4 மாடல்களில் ஒரு மூலையில் நான்கு பின் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழி மின்சாரம்) ஹெடர் நிமிர்ந்து நிற்கிறது. அதற்கு நேர் மேலே உங்கள் போர்டின் துளைப்பாகக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ஷார்ட். பை 5-இல் கூலர் இருந்தால் 8.5 மி.மீ. ஹெடர் எட்டவே எட்டாது, 16 மி.மீ. நீட்டிப்பு ஹெடர் தேவைப்படும்.

வெப்பநிலை சென்சாரை ஹேட்டில் வைத்தால் அது அறையை அளக்காது, பிராசஸரைத்தான் அளக்கும். பல டிகிரி கூட்டிக் காட்டும். சென்சாரைச் சுற்றிப் பிசிபியில் வெட்டுப் போடுவது கொஞ்சம் உதவும். கணக்கு போட்டுக் கழிப்பது உதவாது. பிராசஸரின் சுமை மாறும்போதெல்லாம் பிழையும் மாறும்.

கேபிள் முனை மாட்யூல்

ஸ்பார்க்ஃபன் குவிக் என்றும் அடாஃப்ரூட் ஸ்டெம்மா கியூடி என்றும் அழைப்பது ஒன்றோடொன்று பொருந்தும் அதே நான்கு முனை கனெக்டர்தான்: 1 மி.மீ. இடைவெளி ஜேஎஸ்டி எஸ்எச், தரை, 3.3 வோல்ட், ஐ2சியின் இரு கம்பிகள். சீட் நிறுவனத்தின் க்ரோவ் 2 மி.மீ. இடைவெளி, அதில் ஐ2சி மட்டுமல்லாமல் வேறு சிக்னல்களும், 5 வோல்ட்டும் வரக்கூடும். புதிதாக வரைபவர்களுக்கு முதல் வகையைப் பரிந்துரைக்கிறோம். தவறாக மாட்டுவதற்கு வாய்ப்பே இல்லாத கனெக்டர் அது.

நம் உதாரணத்துக்கு இந்த வழி பெருமளவு ஒத்துவரும். ஆர்டிசிக்கு டிஎஸ்3231, முகவரி ஹெக்ஸ் 68. எட்டு அனலாக் உள்ளீட்டுக்கு ஏடிஎஸ்1115 இரண்டு, முகவரி 48, 49. ஒவ்வொரு உள்ளீட்டிலும் 22 கிலோ ஓம், 10 கிலோ ஓம் பிரிப்பான் போட்டால் 10 வோல்ட் 3.125 ஆக இறங்கும். ஏடிஎஸ்1115-இல் அளவெல்லையை 4.096 வோல்ட் என்று அமைத்தாலும், 3.3 வோல்ட்டில் ஓடும்போது உள்ளீடு 3.3-ஐத் தாண்டக் கூடாது. எல்லையைக் கூட்டினால் அளவுகோல்தான் மாறும், தாங்கும் திறன் கூடாது. வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 860 மாதிரிகள்; நான்கு சேனலுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 200 சொச்சம். தொட்டியின் நீர்மட்டத்துக்குத் தாராளம், ஒலிக்கு உதவாது.

ரிலேக்களுக்கு ஐ2சி விரிவாக்க ஐசி ஒன்று வேண்டும். இங்கே தேர்வு முக்கியம். பிசிஎஃப்8574 மின்சாரம் வந்ததும் எல்லா முனைகளையும் உயர்வில் வைத்துக்கொண்டுதான் எழும். நாம் போட்ட மாஸ்ஃபெட் டிரைவரோடு சேர்த்தால் நான்கு ரிலேயும் ஒட்டிக்கொள்ளக்கூடும். எம்சிபி23017 எல்லாவற்றையும் உள்ளீடாக வைத்து எழும். கேட்டின் புல்-டவுன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ரிலேக்கான 5 வோல்ட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும், இந்த நான்கு கம்பியில் அது கிடையாது.

இந்த வழியில் அடிக்கடி சறுக்குவது புல்-அப் கணக்கில். ராஸ்பெர்ரி பையிலேயே ஐ2சி கம்பிகளுக்கு 1.8 கிலோ ஓம் புல்-அப் இருக்கிறது. கடையில் வாங்கும் ஒவ்வொரு மாட்யூலும் தன் பங்குக்கு 4.7 கிலோ ஓம் சேர்க்கும். ஐ2சி விதிப்படி ஒரு சாதனம் 3 மில்லிஆம்பியர் இழுத்து 0.4 வோல்ட்டுக்கு இறக்கினால் போதும்; ஆக மொத்த மின்தடை 967 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. இரு மாட்யூல் மாட்டினால் 1,019 ஓம், தப்பித்தோம். மூன்றாவது மாட்டினால் 838. அதற்குப் பிறகு எந்தச் சாதனம் எப்போது பதில் சொல்லாமல் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மாட்யூலில் புல்-அப்பை வெட்டிவிடக்கூடிய சால்டர் ஜம்பராக வையுங்கள், அல்லது 10 கிலோ ஓமாக வையுங்கள். ஏடிஎஸ்1115 மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுத்தால் புல்-அப்பும் 5 வோல்ட்டுக்குத்தான் இழுக்கும். ஜிபிஐஓ 5 வோல்ட்டைத் தாங்காது என்பதை மறக்க வேண்டாம்.

கேபிள் நீளம் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 400 பிக்கோஃபாரடைத் தாண்டக் கூடாது. பை 4 வரையிலான மாடல்களின் ஐ2சி வன்பொருளில் கிளாக் ஸ்ட்ரெச்சிங் (சாதனம் கடிகாரக் கம்பியைப் பிடித்து அவகாசம் கேட்பது) சரியாக வேலை செய்யாது. பிஎன்ஓ055 போல அதை நம்பும் சென்சார்கள் இடையிடையே குப்பையைத் தரும். கடிகாரத்தைக் குறைத்துப் பார்க்கலாம், அல்லது ஐ2சியை மென்பொருளில் ஓட்டும் ஓவர்லேக்குப் போகலாம்.

யுஎஸ்பியில் தனி மைக்ரோகன்ட்ரோலர்

ஆர்பி2040 மாதிரி ஒன்றைப் போட்டு, ரிலே, அனலாக் எல்லாவற்றையும் அதனிடம் ஒப்படைத்து, கணினியோடு யுஎஸ்பி சீரியலில் பேசவைப்பது. ஃபெர்ம்வேர் எழுத வேண்டும், அதைப் புதுப்பிக்க வழி செய்ய வேண்டும், இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் சிறு நெறிமுறை வேண்டும். வேலை கூடுதல்தான். ஆனாலும் நம் உதாரணத்தில் எங்கள் ஓட்டு இதற்கே.

முதல் காரணம் ரிலே. லினக்ஸ் உறைந்துபோனால் ஜிபிஐஓ கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மைக்ரோகன்ட்ரோலரில் '2 விநாடி கணினியிடமிருந்து பேச்சில்லை என்றால் எல்லா ரிலேயையும் விடு' என்று நான்கு வரி எழுதினால் போதும். இரண்டாவது நேரத் துல்லியம். லினக்ஸ் நிரலிலிருந்து ஒரு பின்னை ஆட்டினால் பத்து முதல் சில நூறு மைக்ரோ விநாடி வரை தடுமாற்றம் இருக்கும். பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி கேட்கும் டபிள்யூஎஸ்2812 எல்இடி வரிசைக்கு அது எட்டாத உயரம்; ஆர்பி2040-க்குள் பின்களை ஆட்டுவதற்கென்றே இருக்கும் பிஐஓ என்ற பகுதி அதைச் சிரமமில்லாமல் செய்யும். மூன்றாவது மாடல் மாற்றம். பை 5-இல் ஜிபிஐஓ, ஆர்பி1 என்ற தனிச் சில்லுக்குப் போனதும், பழைய சில்லின் நினைவக முகவரிகளை நேரடியாகத் தொட்ட நூலகங்கள் ஒரே நாளில் செயலிழந்தன. யுஎஸ்பி சீரியல் போர்டுகளுக்கு எதுவும் ஆகவில்லை. அதே போர்டை லேப்டாப்பில் மாட்டிச் சோதிக்கவும் முடிகிறது.

குறைகளும் உண்டு. ஆர்பி2040-இன் உள் ஏடிசியை நம்பி எட்டு உள்ளீட்டை எடுக்க வேண்டாம். பெயருக்கு 12 பிட். நான்கு வெளிச் சேனல்தான். சில குறிப்பிட்ட எண்களில் அளவு சட்டென்று தாவும் பிழை அதன் தகவலேட்டிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஏடிஎஸ்1115 இரண்டை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கணக்கும் பாருங்கள்: பை 4-இல் நான்கு யுஎஸ்பி துளைக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். ரிலேயின் 285 மில்லிஆம்பியர் இதற்குள் அடங்கும். பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் மாட்டினால் அடங்காது. சீரியல் சாதனத்தின் வரிசை எண் பூட்டுக்குப் பூட்டு மாறும், எனவே நிரலில் அடையாள எண் வழியான நிலையான பெயரைப் பயன்படுத்துங்கள். விற்பதாக இருந்தால் யுஎஸ்பி அடையாள எண் தேவை. திறந்த வன்பொருள் திட்டங்களுக்கு பிஐடி கோட்ஸ் இலவசமாக ஒதுக்குகிறது. ஆர்பி2040 போட்ட போர்டுகளுக்கு ராஸ்பெர்ரி பையிடமே விண்ணப்பிக்கலாம்.

ஆர்டிசியை மட்டும் இந்த போர்டில் வைக்க வேண்டாம். கர்னல் பூட்டிலேயே நேரத்தைப் படிக்க வேண்டும். அதற்கு டிஎஸ்3231 நேரடியாகக் கணினியின் ஐ2சியில் இருப்பதுதான் நேர்வழி. பை 5-இல் ஆர்டிசி உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மாட்டினால் போதும்.

ஹேட்தான் சரி என்று சொல்லும் இடங்கள்

ஆடியோ அதில் முதலாவது. ஐ2எஸ் கம்பிகளைக் கேபிளில் இழுத்துக்கொண்டு போனால் சத்தம் கெடும். பிசிஎம்5102ஏ போன்ற டிஏசி (எண்ணை ஒலி சிக்னலாக்கும் சில்லு), மாஸ்டர் கடிகாரம் இல்லாமலே ஓடும். ராஸ்பெர்ரி பை ஹெடரில் மாஸ்டர் கடிகாரம் வெளியே வருவதில்லை என்பதால் இது வசதி. தரம் இன்னும் வேண்டுமென்றால் 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர்கள் இரண்டை ஹேட்டிலேயே வைத்து, கணினியை அதன் கடிகாரத்துக்குக் கட்டுப்படவைக்கலாம். அதிர்வு உள்ள இடங்களும் அப்படித்தான். வண்டியிலோ இயந்திரத்தின் மேலோ யுஎஸ்பி பிளக் கழன்றுவிடும், நான்கு திருகு கழலாது.

கணினிக்கே மின்சாரம் ஊட்டும் போர்டும் ஹேட்டாக இருப்பதே இயல்பு. பேட்டரி, சோலார், 12 வோல்ட் மாற்றி எல்லாம் இதில் வரும். பின் 2, 4 வழியாக 5 வோல்ட்டை ஊட்டலாம். ஆனால் யாரோ ஒருவர் யுஎஸ்பி அடாப்டரையும் சேர்த்து மாட்டத்தான் போகிறார். இரு மூலங்களும் மோதாமல் இருக்க பி-சேனல் மாஸ்ஃபெட்டால் ஆன ஐடியல் டையோடு சுற்று வையுங்கள். சாதாரண ஷாட்கி டையோடு 0.3 முதல் 0.4 வோல்ட் வரை விழுங்கும்; 4.63 வோல்ட்டில் குறைமின்னழுத்த எச்சரிக்கை வந்துவிடும் கணினிக்கு அது கட்டுப்படியாகாது. பை 5-ஐ இப்படி ஊட்டினால் அது அடாப்டரோடு பேரம் பேச முடியாததால் யுஎஸ்பி துளைகளுக்கு மொத்தம் 600 மில்லிஆம்பியர்தான் விடும். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியால் இதைத் தளர்த்தலாம், உங்கள் மாற்றி உண்மையிலேயே 5 ஆம்பியர் கொடுக்குமானால் மட்டும்.

பீகிள்போன் கேப், 'பை மாதிரி' போர்டுகள், கேரியர்

பீகிள்போன் பிளாக் என்ற மற்றொரு சின்னக் கணினியில் துணை போர்டுக்கு கேப் என்று பெயர். 46 பின் ஹெடர் இரண்டு, அடையாள இஇப்ராமுக்கு ஹெக்ஸ் 54 முதல் 57 வரை நான்கு முகவரிகள், ஆக நான்கு கேப் வரை அடுக்கலாம். அடுக்குவது இங்கே முதலிலிருந்தே யோசித்துச் செய்யப்பட்டது. 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிஆர்யு (நேரம் தவறாத துணை பிராசஸர்) இரண்டு உள்ளேயே இருப்பதால், நேரத் துல்லியத்துக்காகத் தனி மைக்ரோகன்ட்ரோலர் தேடவும் வேண்டாம். பொறி வேறு இடத்தில்: பி8 ஹெடரின் 31 முதல் 46 வரையிலான பின்கள், எங்கிருந்து பூட் ஆவது என்பதை ரீசெட் நேரத்தில் தீர்மானிக்கின்றன. உங்கள் கேப் அந்த நொடியில் அவற்றில் ஒன்றை இழுத்தால் கணினி எழவே எழாது. அனலாக் உள்ளீடு 1.8 வோல்ட் மட்டுமே தாங்கும்.

40 பின் ஹெடர் வைத்த மற்ற நிறுவனங்களின் போர்டுகளில் 3.3, 5 வோல்ட், தரை ஆகியவை பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும். அதோடு ஒற்றுமை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பின்னில் எஸ்பிஐ, எதில் பிடபிள்யூஎம் என்பதை அந்தந்தப் பிராசஸரே தீர்மானிக்கும். ஜெட்சன் நானோ டெவலப்பர் கிட்டில் ஹெடருக்கு முன்னால் டிஎக்ஸ்பி0108 லெவல் ஷிஃப்டர் (சிக்னலின் மின்னழுத்தத்தை மாற்றும் சில்லு) இருக்கிறது. அதன் பலம் மிகக் குறைவு, வலுவான புல்-டவுன் போட்ட நம் மாஸ்ஃபெட் கேட் அங்கே உயராமலே போகலாம்.

கம்ப்யூட் மாட்யூல் 4-க்கான கேரியர் போர்டு, பை 5-இன் அதிவேகத் தரவுக்கான பிசிஐஇ கேபிளில் தொங்கும் போர்டு இரண்டும் வேறு ரகம். 100 முனைக் கனெக்டர் இரண்டு, 0.4 மி.மீ. இடைவெளி, இம்பிடன்ஸ் கணக்கிட்ட இணைத் தடங்கள், நான்கு அடுக்குப் பிசிபி கட்டாயம். தயாரிப்பாக விற்கப்போகிறீர்கள், கேமராவோ எம்.2 டிஸ்க்கோ உள்ளே வேண்டும் என்றால் மட்டும் இங்கே வாருங்கள். ராஸ்பெர்ரி பை வெளியிட்டுள்ள ஐஓ போர்டின் கிகேட் கோப்புகளிலிருந்து தொடங்கி, தேவையில்லாததை நீக்குவது வெறும் தாளில் தொடங்குவதைவிடப் பாதுகாப்பு.

முதல் மின்சாரம்

எந்த வடிவமானாலும் போர்டை முதன்முதலில் கணினியில் மாட்டி மின்சாரம் கொடுக்காதீர்கள். மல்டிமீட்டரால் 5 வோல்ட்–தரை, 3.3 வோல்ட்–தரை, 5 வோல்ட்–3.3 வோல்ட் ஆகிய மூன்று ஜோடிக்கும் ஷார்ட் பாருங்கள். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பிறகு மின்னோட்ட எல்லை 100 மில்லிஆம்பியர் வைத்த பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் மட்டும் கொடுத்து, சிக்னல் பின் ஒவ்வொன்றிலும் அளந்து பாருங்கள். எதிலும் மின்னழுத்தம் இருக்கக் கூடாது. 3.3 வோல்ட் பின்னிலும் எதுவுமே இருக்கக் கூடாது. அங்கே அரை வோல்ட் தெரிந்தாலும் எங்கோ கசிகிறது என்று பொருள், கண்டுபிடிக்கும்வரை மாட்ட வேண்டாம். அடுத்து 3.3 வோல்ட்டையும் கொடுத்து ரிலேக்களை ஒவ்வொன்றாகக் கேட்டில் கம்பி தொட்டு இயக்குங்கள். எல்லையை 400-க்கு உயர்த்தி நான்கையும் சேர்த்து அரை மணி நேரம் விடுங்கள், பிறகு சூடான நிலையிலேயே 5 வோல்ட்டை 4.75-க்கு இறக்கி, ஒவ்வொன்றாக விட்டுவிட்டு மறுபடி பிடிக்கிறதா என்று பாருங்கள்.